அதாஃபுவில் கரையேறாத தபால் பை

பசிபிக் கடலில் கிடக்கும் எங்கள் அதாஃபு தீவில் கடலுக்குப் பயந்த ஆண்பிள்ளை ஒருவர்தான், தினியேலு. அவரைத்தான் தபாலுக்கு வைத்தார்கள். மீன் பிடிக்க லாயக்கில்லை, மிஷன் பள்ளியில் நாலு எழுத்து படித்திருக்கிறார், வேறென்ன செய்வது? தினியேலு தன் நிழலுக்கே ஒதுங்கி வழிவிடுவார் என்று பாய் முடையும் பெண்கள் சிரிப்பார்கள்.

தபால் நிலையம் என்பது அவர் வீட்டு மூலையில் இருந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே முத்திரைக் கட்டை, மை, தபால்தலைகள். தபால்தலைகளில் இருந்தது எங்கள் பெயரல்ல. எங்கோ தொலைவில் கிடக்கும் கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் பெயர். வெள்ளைக்கார அரசு எங்களை அவற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கப்பல் வரைபடத்தில் அதாஃபுவுக்கு யார்க் கோமகன் தீவு என்று பெயர். அதாஃபு, பக்கத்துத் தீவுகளான நுகுநோனு, ஃபகாவோஃபோ மூன்றுக்கும் சேர்த்து ஏதோ அமெரிக்கக் கப்பல் யூனியன் தீவுகள் என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. எங்களுக்கு நாங்கள் தொகெலாவு. அதை யாரும் கேட்டு எழுதவில்லை. அதனால் சமோவாவின் அபியா துறைமுகத்திலிருந்து மூன்று தீவுக்கும் ஒரே பை வரும், 'யூனியன் தீவுகள்' என்ற ஒரே சீட்டோடு. முதலில் வாங்கும் தீவு பிரித்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டின் கடைசியில் அந்தக் கப்பல் வந்தது. எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்கும்; அலை பார்த்து, தீவைச் சுற்றியிருக்கும் பவளப் பாறையைத் தாண்டித் தோணி போகும். அன்று இரண்டு தோணிகள் போயின. முதல் தோணியில் இரண்டே பேர். துடுப்புப் பிடித்தவர் லெப்பாயோ, தினியேலுவின் மனைவி அலோசினாவின் அண்ணன். தினியேலு தண்ணீர் இறைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கப்பலை நெருங்கியதும் மேலிருந்து ஒரு சமோவா மாலுமி கத்தினான்.

"கிட்ட வராதீங்க! அபியாவுல குழி வெட்ட ஆள் இல்ல! வீட்டுக்கு வீடு காய்ச்சல், இருமல். எங்க ஆளுங்களே உள்ள படுத்துக் கெடக்காங்க!"

அவன் பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமல் நிற்கவே இல்லை.

"கேப்டன் கேக்கறாரு, பைய வாங்கறீங்களா இல்லையா?"

"வேணாம்னு சொல்லு மச்சான்!" என்றார் லெப்பாயோ.

"வேணாம்!" தினியேலுவின் குரல் கீச்சென்று வந்தது.

"அப்ப நுகுநோனுவுல குடுத்துட்டுப் போறோம். யாராவது ஒருத்தர் வாங்கிட்டா எங்க வேல முடிஞ்சுது, நேரா அபியாவுக்குத் திரும்பிடுவோம்."

நங்கூரம் போடாத கப்பல் மெல்லத் திரும்பத் தொடங்கியது. தினியேலுவுக்கு நுகுநோனுக்காரர்களைத் தெரியும். கப்பல் தெரிந்தாலே தோணி தோணியாகப் பாய்வார்கள். ஏணியில் ஏறி, மாலுமிகளின் கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்து வரவேற்பார்கள்.

"நில்லுங்க! குடுங்க, நான் வாங்கிக்கறேன்!"

"பைத்தியமா மச்சான் ஒனக்கு?"

"நீ எறங்கு லெப்பாயோ. அந்தத் தோணிக்கு நீந்திப் போ."

"தோணிய யாரு ஓட்டுவா? நீயா? குளத்துல விட்டாலே நீ கவுந்துடுவ!"

"எறங்குடா!"

லெப்பாயோவை யாரும் 'டா' போட்டதில்லை. அவர் திட்டிக்கொண்டே குதித்தார். கயிற்றில் பை இறங்கியது. தினியேலு அதைத் துடுப்பு நுனியால் இழுத்துத் தோணியின் மறுகோடியில் தள்ளினார். கப்பல் நுகுநோனு பக்கம் திரும்பாமல் தெற்கே, அபியாவுக்கே போனது.

அவர் ஊர்க்கரைக்கு வரவில்லை. ஊருக்குப் பக்கத்தில், ஆழமில்லாத வாய்க்காலுக்கு அப்பால், ஆளில்லாத மணல்திட்டு ஒன்று உண்டு. அதை நோக்கித் தனியாகத் துடுப்புப் போட்டார். பவளப் பாறையில் அலை தோணியைத் தூக்கிக் கவிழ்த்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால் கிழிய, அலறிக்கொண்டே ஊர்ந்து ஏறினார். அந்த அலறல் ஊருக்கே கேட்டது.

பெரியவர்கள் கூடி முடிவு சொன்னார்கள்: யாரும் வாய்க்காலைத் தாண்டக் கூடாது. தினமும் காலையில் அவர் புகை போட வேண்டும். புகை வராவிட்டால் உடலை எடுக்கவும் ஆள் வராது.

பையைத் தாழை மரத்தில் தொங்கவிட்டு, காற்று அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவர் இந்தப் பக்கம் ஓடினார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து அங்கே தோல் சிவந்துவிட்டது. கடல் வற்றும் நேரத்தில் அலோசினா வாய்க்கால் நடுவே தலைகாட்டும் மணலில் சுட்ட மீனும் இளநீரும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கத்துவாள்.

"இருக்கியாய்யா?"

"இருக்கேன்!"

"இருமு பாக்கலாம்!"

"வாய மூடுடி! வந்துடப் போவுது!"

அவள் சிரித்தபடி போவாள். வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புற விழுந்து கிடப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் மழை. மட்டை நனைந்து புகை எழவில்லை. கரையில் ஒப்பாரி தொடங்கியது. தன் பெயர் சொல்லிப் பாடுவதைத் தானே கேட்ட தினியேலு, நிஜமாகவே செத்துவிட்டோமோ என்று மிரண்டு ஓடிவந்து கையை ஆட்டினார். பாதிப் பேர் பேயென்று சிதறினார்கள். அலோசினா மட்டும் ஒரு தேங்காயை எடுத்து அவரைப் பார்த்து வீசினாள்.

நிலா தேய்ந்து மறுபடி நிறைந்தது. அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனாலும் காகிதத்தைக் கண்டு ஊர் நடுங்கியது. பையை அங்கேயே எரித்துவிட்டு, கடலில் குளித்துவிட்டு வா என்றார்கள்.

"எரிக்கறேன். அதுக்கு முன்னால படிச்சுடறேன்" என்றார்.

அதாஃபு முழுக்க வாய்க்கால் ஓரம் நின்றது. அவர் தீக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாய்ப் பிரித்து, அலைக்கு மேலே குரலை உயர்த்திப் படித்தார். மற்ற இரண்டு தீவுகளுக்கு வந்ததையும் விடவில்லை; அங்கே போகும்போது சொல்வதற்காகக் கேட்டவர்கள் மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். எல்லாம் அபியாவில் காய்ச்சல் பரவுமுன் எழுதிய கடிதங்கள். ஒருத்தி கல்யாணம் கேட்டிருந்தாள். ஒருவன் மாமியார் சமையலைத் திட்டியிருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

லெப்பாயோவுக்கு மகன் தியோஃபிலோ அபியாவிலிருந்து எழுதியிருந்தான். 'அடுத்த கப்பலில் அப்பாவுக்குத் தொப்பி அனுப்புகிறேன். லேசாகத் தலைவலி. வேறொன்றுமில்லை.'

லெப்பாயோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"மறுபடி படி மச்சான்."

படித்தார்.

"எழுத்து எப்படி இருக்கு? ஒழுங்கா இருக்கா, நடுங்கியிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு!"

தினியேலு காகிதத்தை முகத்தருகே கொண்டுபோனார். இரண்டு கையாலும் பிடித்தார்.

"தெரியல லெப்பாயோ" என்றார். "என் கை நிக்க மாட்டேங்குது."