உலைக்கூடத்து டெலீட் விசை

கறுப்புத் திரையிலிருந்த பச்சை எழுத்துகள் அத்தனையும் மறைந்து, இடது ஓரத்தில் ஒரு டாலர் குறி மட்டும் நிற்கும். 1991இல், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நாங்கள் பற்சக்கரங்கள் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையின் உலைக்கூடத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். உலையிலிருந்து வந்த ஒவ்வொரு தட்டின் எண்ணையும் வெப்பத்தையும் அங்கே இருந்த டெர்மினலில், அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட பெட்டியில், பதிய வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்து நான்கு தட்டுகள். அத்தனையும் பதிந்த பிறகுதான் சீட்டு அச்சாகும். சீட்டு இல்லாமல் லாரி நகராது. இருபத்து மூன்றாவது தட்டில் டாலர் குறி வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

நான் அங்கே கணக்கு அதிகாரி. அந்தக் காலத்தில் கணினிப் பிரிவு கணக்குத் துறையின் கீழே இருந்தது. பிரிவு என்றால் ஒரே ஒருவர், காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். எல்லோருக்கும் அவர் சிஸ்டம்ஸ் மேடம். அலுவலகத்திலிருந்த ஐந்து கணினிகள் டாஸ் என்ற இயங்குதளத்தில் ஓடின. உலைக்கூடத்தின் ஏழு டெர்மினல்களும் யூனிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடிய ஒரே கணினியோடு இணைந்திருந்தன. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓடும் என்று சொல்லித்தான் அவர் அந்தப் புரோகிராமை எழுதினார். திரை இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. நான் வரிகளை எண்ணிச் சரிபார்த்தேன்.

டாலர் குறி அநேகமாக ஒரே ஆளுக்குத்தான் வந்தது. அவர் வடக்குப்பட்டில் நெல் பயிரிட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஆபரேட்டர். வேலை தற்காலிகம், நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த மாதக் கடைசியில் முடிவாக வேண்டியிருந்தது. உலைக்கூட சூப்பர்வைசர் முதலில் கேலிதான் செய்தார். "உன் கை பட்டா மட்டும் மெஷின் ஏம்ப்பா படுத்துக்குது? தாலாட்டு கீலாட்டு பாடுறியா இன்னா?" என்பார். இரண்டு முறை லாரி தாமதமானதும், ஆள் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று மேலாளரிடம் புகார் கொடுத்துவிட்டார். ஆபரேட்டரை அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

மேடம் புரோகிராமைத் திறந்து பார்க்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல் வேலையைப் பாருங்கள் என்றார். அந்த ஆள் பயத்தில் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டினார், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. மேடமோ கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் மிதந்தது பூசணியா, சுரைக்காயா என்ற விவாதத்தில் ஆபரேட்டர் சிரித்துவிட்டார். கை வேகமெடுத்தது. ஒன்பதாவது தட்டில் டாலர் குறி.

"இப்ப எந்த கீயைத் தொட்டீங்க?"

"நம்பர் தப்பா வுழுந்துச்சு மேடம். அழிச்சேன். எப்பவும் இப்டித்தான் அழிப்பேன்."

ஸ்ரீபெரும்புதூர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் டாஸ் கற்றவர் ஆபரேட்டர். அங்கே டெலீட் விசை ஓர் எழுத்தை அழிக்கும். எங்கள் யூனிக்ஸிலோ அதே விசை, ஓடும் புரோகிராமை உடனே நிறுத்தச் சொல்லும் சிக்னலை அனுப்பும். கம்பெனியிலேயே முதன்முதலாகக் கணினியைத் தொட்ட மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தெரிந்தவருக்குத்தான் வினை.

அந்த விசையையே பிடுங்கிவிடலாம் என்றேன் நான். "நாளைக்கு வேற டெர்மினல் வாங்குவீங்க சார். அதுலயும் பிடுங்குவீங்களா?" என்று கேட்டார் மேடம். அப்படியானால் நிறுத்தும் சிக்னல் எதையுமே புரோகிராம் கண்டுகொள்ளாதபடி செய்யுங்கள் என்றேன். அதற்கும் அவர் இணங்கவில்லை. நிஜமாகவே நிறுத்த வேண்டியவர் என்ன செய்வார் என்று கேட்டார். முடிவில் இரண்டு வகைக் கணினியிலும் டெலீட் அழிக்கும், கன்ட்ரோல்-சி நிறுத்தும் என்று ஆக்கினார். நிறுத்துவதற்கு முன் புரோகிராம் ஒருமுறை கேட்கும்; அதுவரை பதிந்ததைச் சேமித்தும் வைக்கும். அதன் பிறகு உலைக்கூடத்தில் டாலர் குறியை நான் பார்க்கவில்லை.

ஆனால் மேலாளருக்குத் தாமதமான லாரிகளுக்கு யாராவது பொறுப்பாக வேண்டும். தப்பு யாருடையது என்று எங்கள் முன்னால் கேட்டார்.

"என்னுது சார்," என்றார் மேடம். "ரெண்டு மெஷின்லயும் ஒரே மாதிரி ஓடும்னு சொன்னது நான். திரையை மட்டும்தான் ஒண்ணாக்கினேன். கைக்கு இது எந்த மெஷின்னு தெரியாது சார்."

ஆபரேட்டர் நிரந்தரமானார். மேடத்துக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு நின்றது. மறு வருஷம் பெங்களூருக்குப் போய்விட்டார்.

ஒருவனின் வேலையைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் என்றுதான் அவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவந்தேன். சென்ற மாதம் தண்டலத்தில் பஸ் ஏறியபோது பக்கத்து இருக்கையில் அந்த ஆபரேட்டர். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகன் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் இருக்கிறானாம். எதிரே வந்த கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டுவந்தேன். முப்பத்தொன்றில் அவர் என் எண்ணிக்கையைக் குலைத்தார்.

"சிஸ்டம்ஸ் மேடம்னு ஒருத்தங்க இருந்தாங்களே சார், புரோகிராம்ல தப்பு பண்ணி மெமோ வாங்கினாங்களே. நல்லா கீறாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. உனக்காகத்தானய்யா வாங்கினார் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலாளர் முன்னால் மேடம் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதில் இந்த மனிதரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. யாரையும் காப்பாற்றுகிற குரலும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். தியாகத்தையெல்லாம் சேர்த்தது நான்.

"ஆமாம்ப்பா, அவங்க தப்புதான்," என்றேன். "எங்க இருக்காங்கன்னு தெரியல."