சூழல்மாற்று

பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மாடியறைதான் ஆபீஸ். பட்டுப்புழு வளர்ப்பு மனைகளுக்கு வெப்பத்தையும் ஈரத்தையும் கவனிக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து விற்கிறேன். வளர்ப்பவர்களே நாலு வரி எழுதி அதை வேலை வாங்கட்டும் என்று உள்ளே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழியைப் பொருத்தினேன். கட்டளையெல்லாம் தமிழ். அந்தப் பவுசு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

கம்ப்யூட்டரில் ஓடும் எந்த நிரலுக்கும் 'என்விரான்மென்ட்' என்று ஒன்று உண்டு. பெயரும் மதிப்பும் எழுதிய துண்டுச்சீட்டுகள், அவ்வளவுதான். எந்த மொழி, எந்த ஃபோல்டர், சென்சார் எந்த போர்ட்டில் என்று இருக்கும். அதை ஸ்கிரிப்டிலிருந்து படிக்க 'சூழல்', திருத்த 'சூழல்மாற்று' என இரண்டு கட்டளைகளைத் திறந்துவிட்டேன். பெயர் அமைந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

கூடலூரில் பெட்டி வாங்கிய அக்காவிடமிருந்து ஒரு மத்தியானம் போன். முட்டையிலிருந்து வந்து மூன்றே நாளான புழுக்கள் அவரிடம் இருந்தன. அறை காய்ந்தால் இலை காயும், புழு தின்னாமல் செத்துவிடும்.

"தம்பி, ஸ்கிரீன்ல ஈரம் எம்பத்தஞ்சுன்னு காட்டுது. இலை அப்பளமாக் காயுதே."

"மிஷின் பொய் சொல்லாதுக்கா. கதவைத் தொறந்து போட்டிருப்பீக. எதுக்கும் எழுதுனதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க," என்று சிடுசிடுத்தேன்.

போட்டோ வந்தது. முதல் வரி: சூழல்மாற்று("ஈரம்", 85). அடுத்த வரி: காட்டு(சூழல்("ஈரம்")).

சீட்டில் எண்பத்தைந்து என்று எழுதி, அதையே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தது என் பெட்டி. சென்சாரைப் பார்க்கவே இல்லை. ஈரம் குறைந்தால் பெட்டி ஓட்ட வேண்டிய நீர் தூவும் மோட்டாரும் ஓடவில்லை. திரும்பக் கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

வளர்ப்பு மனையில் சுவரெல்லாம் நனைத்த சாக்கு. அதற்கு நடுவில் தட்டுகளில் புழுக்கள் நெளிந்து தின்றுகொண்டிருந்தன. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க சொன்னீகன்னு சும்மா இருக்க முடியுமா தம்பி? சாக்கை நனைச்சுக் கட்டிட்டேன். போனை வீட்டுக்குள்ளயே வச்சுட்டு வந்துட்டேன்."

"சூழல்மாற்றுன்னு எழுதுனா ரூம் மாறாதுக்கா. சூழல்னா இதுல வேற அர்த்தம்."

"இந்த ரூமுக்குள்ள இருக்கறதுதானே சூழல்? வேறென்ன?"

லேப்டாப்பைத் திறந்து 'சூழல்மாற்று' கட்டளையையே நீக்கினேன்; அக்கா எழுதிய முதல் வரியையும் அழித்தேன். 'சூழல்' என்று கேட்டால் சென்சார் அளந்தது மட்டுமே வரும்படி மாற்றினேன். திரையில் எழுபத்தொன்பது வந்தது.

அக்கா முதலில் இலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் திரையைப் பார்த்தார்.

"இப்ப நெசஞ் சொல்லுது," என்றார்.