கிணற்று நீச்சல்

என்னைக் காப்பாற்றியவள் எஸ்தர். நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று எல்லோரும் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் உண்மையைச் சொன்னபோது சிரித்தேன்.

குற்றம் இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் படிக்காவிட்டாலும் என்னைத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். ஆனாலும் படியுங்கள்... அவளைத் தெரிந்துகொள்வதற்காகவாவது படியுங்கள்!

நான் பிறந்தது புன்னைக்காயலில். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து மீனவர் ஊர். பிறந்தது மட்டும்தான் அங்கே. நடை பழகுவதற்கு முன்பே அப்பா எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். பனியன் கம்பெனி, உப்பு லாரியில் கிளீனர், கொல்லத்தில் பரோட்டாக் கடை என்று சுற்றினேன். லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன். மழைக்கு நனையாத இடம் அது. எந்த ஊரிலும் எனக்குக் கால் தரித்ததில்லை.

அப்படி அலைந்து தூத்துக்குடி வந்தபோதுதான், பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள், படகு தள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பயிற்சியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த ஊருலே?"

"புன்னைக்காயல், சார்."

"அப்பச் சரி. நீச்சல் தெரியுமான்னு ஒன்கிட்டக் கேக்கவே வேண்டாம்."

அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை... எனக்கு நீச்சல் தெரியாது!

சின்னப் படகுகள். ஒன்றுக்கு இரண்டு பேர். அவற்றை வண்டியில் வைத்து அலைவரை தள்ளுவதும், துறைமுகத்திலிருந்து பறந்துவந்து பாயில் படியும் நிலக்கரித் தூசியைக் கழுவுவதும் என் வேலை. அந்த வருடம் எல்லா மாணவர்களுக்கும் ஜோடி அமைந்தது. எஸ்தருக்கு மட்டும் இல்லை.

"ஏலே, நீ ஏறு" என்றார் பயிற்சியாளர். "பாரத்துக்கு ஒரு ஆளு வேணும்லா."

பாரமாகத்தான் ஏறினேன். இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எஸ்தர் சாத்தான்குளம் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகள் கடலுக்குப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. ஏதாவது ஒன்று நடந்தால் அன்றோடு சரி என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவளுக்கு ஒரே ஆசைதான்: பயிற்சியை முடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பாய் விரிக்க வேண்டும். பயிற்சியாளர் கரையில் சொல்லிக்கொடுப்பதைப் படகில் எனக்குத் திரும்பச் சொல்லிக்கொடுப்பாள். பெயர் பதியாத மாணவன் நான். கற்றுக்கொண்டதெல்லாம் அவளிடம்தான்.

"அண்ணே, காத்து எங்கருந்து வருது?"

"கடல்லருந்து."

"பாத்துச் சொல்லாதிய. கண்ண மூடுங்க. எந்தக் கன்னத்துல படுது?"

"வலது..."

"அப்பம் பாய எந்தப் பக்கம் விடணும்?"

நான் யோசிப்பேன். அவள் சிரிப்பாள். "புன்னைக்காயல்ல பொறந்துட்டு இப்பிடித் தடுமாறுதியளே!"

"எங்க ஊர்ல இப்பம் எல்லாம் மோட்டார் போட்டுதாம்மா போறாங்க" என்று சமாளிப்பேன்.

ஒருநாள், அண்ணன்மாரோடு தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் படித்த கதையைச் சொன்னாள். மேலே ஏற ஒரே ஒரு கயிறு. அதையும் அந்தத் தடியன்கள் உருவிக்கொண்டு, "ஏளா, தவளை மாதிரிக் கெட!" என்று மேலே நின்று சிரிப்பார்களாம். "யாராவது பயத்துல நம்மளப் புடிச்சா உள்ள முங்கிரணும், அண்ணே. தானா விட்டுருவான்" என்றாள். பிறகு கேட்டாள்: "ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா நீச்சல்?"

"யாரும் சொல்லிக்குடுக்கல" என்றேன்.

பார்த்தீர்களா? ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

மிதவைச் சட்டையின் வாரை நான் மாட்டுவதில்லை. கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் கேலி பேசுவார்கள். "புன்னைக்காயல்காரன் பஞ்சுமூட்டையக் கட்டிக்கிட்டு வாரான் பாருலே!" அதனால் பேருக்குத் தோளில் போட்டுக்கொள்வேன். ஏறும்போதெல்லாம் எஸ்தர் வாரை மாட்டச் சொல்லுவாள். ஏறும்போதெல்லாம் நான் கையை உதறிவிடுவேன்.

அன்று கச்சான் காற்று. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. திரும்பும்போது எஸ்தர் சுக்கானைப் பிடித்திருந்தாள், பாய்க்கயிறு என்னிடம். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, காற்று ஓங்கினால் உடனே விட வேண்டும் என்பது முதல்நாள் பாடம். பயத்தில் சுற்றியிருந்தேன். காற்று ஓங்கி அடித்தது. "விடுங்க, விடுங்க!" என்று கத்தினாள். விட முடியவில்லை... படகு சரிந்து கவிழ்ந்தது. கயிறு கையைவிட்டு உருவிய வேகத்தில், மிதவைச் சட்டையும் தலைவழியே கழன்று போனது.

நான் பிடித்தது படகை அல்ல. அவளை. அவள் கழுத்தை. அவளை மிதித்து மேலே ஏறினேன். என் நகம் அவள் சதையில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை.

"விடுலே! என்னைய விடு! படகப் புடி!"

பிறகு அவள் தன் மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்து, அதிலிருந்து நழுவிச் சட்டென்று உள்ளே முங்கினாள். கிணற்றில் படித்த அதே பாடம். நான் விட்டுவிட்டேன். கண்ணிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர்... எனக்குப் பின்னால் எழும்பி, என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய், கவிழ்ந்த படகின் முதுகில் என்னைத் தள்ளி ஏற்றினாள். அவளுக்கு ஏற வலு இல்லை. தண்ணீரிலேயே ஒரு கையால் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தாள். காற்று எங்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. நான் நடுங்குவதைப் பார்த்தாள்.

"அண்ணே... கண்ண மூடுங்க. எந்தக் கன்னத்துல படுது?"

"எடது..." என்றேன்.

"பரீச்சையில பாஸு!" என்றாள். அந்த நிலையில் சிரித்தாள்!

மீட்புப் படகு வந்தபோது அவர்கள் கண்டது இதுதான்: படகின் மேல் நான், தண்ணீரில் துவண்டுபோன பெண். "பிள்ளையப் புடிச்சிட்டியா? நல்லவேளை நீ இருந்தலே!" என்றார் பயிற்சியாளர்.

கரையில் கூட்டம். யாரோ எனக்கு டீ கொடுத்தார்கள். தண்ணீரில் மிரண்டு என்னைக் கட்டிப்பிடித்திருப்பாள் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்: "இல்ல சார். அவங்களுக்கு நீச்சல் தெரியாது. நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

அந்தக் கரையே சிரித்தது.

"ஏலே, கேட்டியா? புன்னைக்காயல்காரனுக்கு நீச்சல் தெரியாதாம்!"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருக்கும் பார்வை.

நான் சிரித்தேன்.

ஏன்? வேலை போய்விடும் என்றா? அதற்கு முன் எத்தனையோ வேலை போயிருக்கிறது, ஒன்றுக்கும் அழுததில்லை. பிறகு ஏன்? எந்த ஊரிலும் ஒட்டாத எனக்கு முதன்முதலாக ஒரு ஊர்ப்பெயர் கிடைத்திருந்தது. புன்னைக்காயல்காரன்! அதை விட மனம் வரவில்லை. அந்தப் பெயருக்காக அவளைக் கொடுத்துவிட்டேன்.

அவள் கழுத்தில் சிவப்பாகக் கீறல்கள். என் நகங்கள் போட்டவை. காப்பாற்றியவனின் நகம் ஏன் அவள் கழுத்தில் பதிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது கேட்டிருப்பீர்களா?

"தண்ணியில மெரளுத பிள்ளைய நான் கடலுக்கு அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டார் பயிற்சியாளர். மறுநாள் அவள் அப்பா வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளையத் திருப்பித் தந்துட்டிய, தம்பி" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... எஸ்தர் படகுகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். போட்டிக்கு வேறொருத்தி போனாள்.

அதன் பிறகு நான் நீச்சல் படித்தேன். நாசரேத் சாலையில் ஒரு தோட்டத்துக்காரரிடம் கெஞ்சி, அவர் கிணற்றில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துப் படித்தேன். பாய் விரித்துத் தனியாகப் படகு ஓட்டவும் இப்போது வரும். கண்ணை மூடினால் கன்னத்தில் காற்று படும். கூடவே அவள் குரலும் கேட்கும்.

ஒருமுறை திருச்செந்தூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். தோளில் பை, கையில் குடை. ஏதோ பள்ளியில் டீச்சராம். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவளே வந்துவிட்டாள்.

"அண்ணே, நல்லா இருக்கியளா? நீச்சல் படிச்சாச்சா?"

"படிச்சேம்மா."

"எங்க?"

"கெணத்துல."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அன்னைக்கு ஒரு அவசரத்துல ஒங்கள 'லே' போட்டுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய, அண்ணே."

அவள்... என்னிடம்! உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. இல்லை, பேருந்து நின்றுகொண்டேதான் இருந்தது. நான்தான் பேசவில்லை.

ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வரும் முதல்நாளில் பயிற்சியாளர் அந்தக் கதையைச் சொல்கிறார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொண்டு ஒவ்வொருவரின் மிதவைச் சட்டை வாரையும் இழுத்து மாட்டுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடம் ஒரு பெண் வந்தாள். உடன்குடிப் பக்கமாம். மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்: "அண்ணே, எனக்குக் கெணத்து நீச்சல்தான் தெரியும். கடலுக்கு அது போதுமா?"

கை வாரிலேயே நின்றுவிட்டது.

"போதும்மா" என்றேன். "ஒரு ஆளக் கரைசேக்கவே போதும்."

"நெசமாவா? யாரைக் கரைசேத்தாங்க?"

அதற்குள் பயிற்சியாளர் குரலை உயர்த்திக் கதையைத் தொடங்கிவிட்டார். "அன்னைக்கு மட்டும் இவன் இல்லேன்னா..." அந்தப் பெண் என் பதிலை எதிர்பார்த்து நின்றாள்; எஸ்தர் பார்த்த அதே பார்வை.

நான் குனிந்து அடுத்த வாரை மாட்டினேன்.