ரேவதிக்கு நான் வாங்கிக் கொடுத்த தொண்ணூற்றாறு

ரேவதியின் பெயரில் அந்தத் தேர்வை எழுதியவன் நான்தான். அவள் பெயரில் மட்டுமல்ல, அவளையும் சேர்த்து எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேரின் பெயரில் நானே எழுதினேன். பிறகு விசாரணை என்று வந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா என்றால் அதுவும் இல்லை... வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

புனேயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறேன். சேர்க்கை, விசாக் காகிதம், விடுதி அறை, காய்ச்சல் வந்தால் டாக்டர், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கொரு ஏற்பாடு... எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும். காலையில் சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயில் ஏறினால், மாலையில் இறங்கும்போது வீட்டுக்காரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது. நான் சோம்பேறி அல்ல. சலித்துப் போனவன். இரண்டும் வேறு வேறு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ரேவதி புனேயை ஒட்டிய தாபோடியில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் திருவண்ணாமலைப் பக்கம் என்பார்கள். அவள் இரண்டு முறை போயிருப்பாள். தமிழ் பேசுவாள், பாதியில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மாணவர்கள் முதலில் வந்து நிற்கும் கவுண்டர் அவளுடையது. அலுவலகத்தில் தமிழர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அதனால் வந்த இரண்டாம் நாளே நான் அவளுக்கு அண்ணா ஆகிவிட்டேன்.

எங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்காக ஓர் இணையவழிப் பயிற்சியை அனுப்பியது. வெளிநாட்டு மாணவர்களோடு பணிபுரிவது எப்படி என்று, நம் நாட்டு விசா விதிகளையும் சேர்த்து ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் நீண்ட வீடியோ, முடிவில் கேள்விகள். எல்லா ஊழியரும் முடித்தால்தான் ஒப்பந்தம் நீளும். எங்கள் டைரக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பொறுப்பு, ஒருத்தர்கூட பாக்கி இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அது சேர்க்கைக் காலம். யாருக்கு நேரம் இருக்கிறது? மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டு பேர் முதல் வீடியோவைத் திறந்து பார்த்தார்கள். பிறகு நானே ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி வாங்கினேன். எவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தார்கள் தெரியுமா! மேடமும் கொடுத்தார்.

ரேவதி மட்டும் தயங்கினாள்.

"அண்ணா, நானே பண்றேனே. மத்லப்... கொஞ்சம் டைம் ஆகும், இங்கிலீஷ் ஃபாஸ்டா பேசுறாங்க. ஆனா கத்துக்கலாம்ல? கவுண்டர்ல பசங்க ஏதாவது கேட்டா எனக்கு பாதி தெரியறதே இல்ல."

"நீ பண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த பேட்ச் பசங்க வந்துடுவாங்கம்மா. கொடு, நான் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். கற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவள். அவள் கையிலிருந்துதான் நான் பிடுங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பகலில், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்தேன். வீடியோ ஓடவேண்டும், ஓடி முடிந்தால்தான் கேள்வி திறக்கும். எல்லார் கணினியிலும் ஒரே நேரத்தில், சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். தவறாகச் சொன்னால் மறுபடி முயலலாம். முதல் ஆளுக்குத் தட்டித் தடவிச் சரியான விடைகளைப் பிடித்துத் தாளில் எழுதிக்கொண்டேன். அடுத்தவர்களுக்கு அந்தத் தாளைப் பார்த்து ஒன்று, மூன்று, நான்கு, ஒன்று என்று தட்டியதுதான். கேள்வியைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் வந்தால் சந்தேகம் வருமே! அதனால் ஆளுக்கு ஆள் வேண்டுமென்றே ஒன்றிரண்டைத் தவறாக அழுத்தினேன். மேடத்துக்கு நூறு. எனக்குத் தொண்ணூறு, அடக்கமாக இருக்கட்டும் என்று. என்னிடம் எரிந்து விழும் கணக்குப் பிரிவுக்காரருக்கு எழுபத்திரண்டு. ரேவதிக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். நல்ல பெண், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது உதவட்டும் என்று நினைத்தேன். நம்புவீர்களா? அன்பாகத்தான் செய்தேன்.

சான்றிதழ்கள் வந்தன. மேடம் எல்லாரையும் கூப்பிட்டுப் பேடா கொடுத்தார். ரேவதி தன் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அடுத்த பருவத்தில் பாராக்கா என்ற மாணவன் அவள் கவுண்டருக்கு வந்தான். டான்சானியாக்காரன், மூன்றாம் ஆண்டு, மெதுவாகப் பேசுகிற பையன். விடுதியை விட்டு வாகட் பகுதியில் நண்பர்களோடு ஒரு ஃபிளாட்டுக்கு மாறுவதாகவும், அதற்கு ஏதாவது செய்யவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறான். முறையாக வந்து கேட்டான்! ரேவதி எங்கள் பதிவேட்டில் புது முகவரியை எழுதிக்கொண்டு, இவ்வளவுதான், போகலாம் என்று சொல்லிவிட்டாள். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அது அந்தப் பயிற்சியில் நான்காம் பாடமாக இருந்ததாம்.

விசா நீட்டிப்புக்குப் போனபோது பிடித்துக்கொண்டார்கள். பதிவில் இருந்த இடத்தில் ஆள் இல்லை, இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். எங்கள் அலுவலகம் எழுதிய கடிதங்கள் எடுபடவில்லை. பாராக்கா கடைசித் தேர்வை எழுதாமல் ஊர் திரும்பினான். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் நான்தான். வழியெல்லாம், நான் கேட்டேனே சார், நான் கேட்டேனே என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் தவறு என்று விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மேடமும் அதில் ஒருவர். ரேவதியை நிற்கவைத்து, அவளுடைய சான்றிதழை மேசையில் வைத்தார்கள்.

மேடம் ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தெரியாமல் செய்திருந்தால் இன்னொரு முறை பயிற்சி கொடுத்திருப்போம். தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாய். தெரிந்தும் அலட்சியமாக இருந்தால் என்ன செய்வது?"

மேடம், உங்கள் நூறும் நான் போட்டதுதானே... அவர் அதை மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

என் பக்கம் திரும்பி, "இவங்க பயிற்சியை முழுசா முடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"முடிச்சாங்க மேடம்" என்றேன்.

ரேவதி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "படிச்சேன் மேடம். மறந்துட்டேன்" என்று இந்தியில் சொன்னாள்.

என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாள். என்னைக் காப்பாற்ற நானும் பொய் சொன்னேன். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள், தன் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"சொல்லாதீங்க அண்ணா. நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க. உங்க பொண்ணு கல்யாணம் வேற வருது. எனக்கென்ன, வேற எடம் பாத்துப்பேன்."

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நான்கு எட்டு வைத்தால் மேடத்தின் அறை. கதவு திறந்துதான் இருந்தது. ஏன் போகவில்லை? பயமா? கல்யாணமா? பயம்தான்... ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதையெல்லாம் முதலிலிருந்து யார் விளக்குவது என்ற அலுப்பு. ஒரு பெண்ணின் வேலை போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அலுப்பாக இருந்தது!

மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. ரேவதி குடும்பத்தோடு வந்து வாழ்த்திவிட்டுப் போனாள். அப்போதும் வேலை கிடைத்திருக்கவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து போன். வேறொரு கல்லூரியில், இதே மாதிரி வெளிநாட்டு மாணவர் கவுண்டரில், ஆள் எடுக்கிறார்களாம். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை என்று சொன்னார்களாம். அவளுடையது அலுவலகத்திலேயே தங்கிவிட்டது, அனுப்ப முடியுமா என்று கேட்டாள். கோப்பிலிருந்து எடுத்து அனுப்பினேன். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணா, இண்டர்வியூல அந்தக் கோர்ஸ்லேருந்து கேப்பாங்களோ? அதுல என்னென்ன இருந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன். எழுதிக்கறேன்."

பேனாவோடு காத்திருந்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நான் யோசித்தேன். முகவரி விஷயம் ஒன்றுதான் வந்தது, அதுவும் பாராக்காவால். மற்ற ஐந்து பாடங்களில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. பதினொரு பேர் பெயரில் தேறியவன் நான்; எனக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்று, மூன்று, நான்கு, ஒன்று... அதுதான் தெரியும்.

"பொதுவாதாம்மா கேப்பாங்க. தைரியமா போ, சமாளிச்சிடுவ" என்றேன்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நேற்று சொன்னாள். திங்கட்கிழமை கவுண்டரில் உட்காருகிறாள். "அந்தத் தொண்ணூத்தாறப் பாத்துதான் எடுத்தாங்க அண்ணா. நீங்க இல்லன்னா என்ன ஆயிருப்பேனோ. ரொம்ப தேங்க்ஸ்."

நான் பரவாயில்லை என்றேன்.