அசனாரின் இரும்புக் கதிரைகள்

ஏறாவூர் அசனார் பதுளை றோட்டில் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். தேயிலை விலை விழுந்த காலத்தில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைக் காலிசெய்ய, அவர் உட்கார்ந்திருந்த இரும்புக் கதிரைகள் இரண்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். கொண்டுவந்து பார்த்தால், ஓலை வீட்டின் வாசலுக்குள் அவை நுழையவில்லை. முற்றத்திலேயே நிற்கட்டும் என்று விட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வாவிக்கரை உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடுமா? எங்கே துருக்கறள் கண்டாலும் அசனார் தேங்காய்ப்பொச்சும் மணலுமாகக் குந்திவிடுவார். மாரி நெருங்கியதும் மாங்கேணிக்குப் போய், தோணிக்குப் பூசும் சுறா எண்ணெய் வாங்கிவந்து பூசினார். நாற்றம் ஊரைத் தூக்கியது. பூனைகள் கதிரையை விட்டு அகலவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஸஹீதாவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். அதனால் வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். கூரை மேயத் தென்னோலைக் கிடுகும் வாங்கி வைத்தாயிற்று. மனுசன் என்ன செய்தார்? அதை எடுத்துக் கதிரைகளுக்குப் பந்தல் போட்டார்!

"இஞ்சாருங்க, ஊட்ட மேயாம இதென்ன கூத்து?" என்று தலையில் கைவைத்தாள் மனைவி ஜெமீலா.

"உனக்கென்ன தெரியும்? தொரை இருந்த கதிரை. இதக் கண்டாத்தான் மாப்புள ஊட்டாருக்கு நம்மட தரம் விளங்கும். ஊட்ட மழை உட்டதும் மேயலாம்."

மழை விடவில்லை. அந்த மழையிலேயே மாப்பிள்ளையின் தாய் கைறுன்னிஸா உறவுக்காரரோடு வந்து சேர்ந்தாள். பாயில் உட்கார்ந்தாள், தலையில் சொட்டியது. தள்ளி உட்கார்ந்தாள், அங்கேயும் சொட்டியது. ஜெமீலா சட்டியும் பானையுமாக ஓடி ஓடி வைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை.

அசனாரோ விருந்தாளிகளை முற்றத்துக்குக் கூப்பிட்டுப் பந்தலைக் காட்டினார். கைறுன்னிஸா கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்துப் பேசினாள்.

"கறளே இல்ல. நல்லாத்தான் பாத்திருக்கீங்க, காக்கா. ஸஹீதாவையும் எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா என்ட மகன எங்க படுக்க வைப்பீங்க? இந்தக் கதிரையிலயா?"

அவர்கள் தாங்கள் வந்த வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கியதும்தான் அசனாருக்குச் சுரணை வந்தது. பந்தலைப் பிய்த்தார். கிடுகுகளை இழுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் கூரைமேல் ஏறிக் கண்மண் தெரியாமல் கட்டத் தொடங்கினார். கீழே நின்று ஸஹீதாதான் ஒவ்வொரு கிடுகாக எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கொடுத்தவள், பிறகு கையிலிருந்த கிடுகைக் கீழே போட்டாள்.

"இறங்குங்க வாப்பா. அவங்க போயிட்டாங்க."