சத்தமில்லாமல் அடித்த மனு

மனு அடித்துக் கொடுக்கும் தொழிலில் விரல் தேய்வது நமக்கு, குறை சொல்லும் உரிமை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் மெஷினையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு பதினொரு வருஷமாக இதை அனுபவிக்கிறேன். நாள் முழுக்கத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் தோசைக் கரண்டியைத் தூக்க முடியாமல் தவிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

கைக்கு வந்த நோட்டீஸ்

வலது மணிக்கட்டு வீங்கி, மவுஸைத் தொட்டாலே உயிர் போனது. டாக்டர் கையை அதிகம் பார்க்கவில்லை. என் மேசையை போட்டோ எடுத்து வரச் சொல்லி அதைத்தான் பார்த்தார். கீபோர்டு செங்கல் உயரம் இருக்கிறது, அதனால் மணிக்கட்டு நாளெல்லாம் மேலே மடிந்தே கிடக்கிறது என்றார். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது, பயந்துபோனேன். அவரோ மருந்துச் சீட்டை நீட்டியபடி நிதானமாகச் சொன்னார்: "வேலைய விடுங்க, இல்ல அந்த கீபோர்ட விடுங்க. ரெண்டும் வேணும்னா கைய விட்டுடணும்மா."

பெண் பார்க்கும் படலம்

புதுச்சேரிக் கடையில் உயரம் குறைந்த மெக்கானிக்கல் கீபோர்டு கேட்டேன். ஜெராக்ஸ் மெஷின் போக என் மேசையில் மிச்சம் ஒரு முழம்தான் என்பதால் அளவும் சின்னதாக வேண்டும் என்றேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்சாம். உப்புக் காற்றில் ஒன்று போனால் அதை மட்டும் பிடுங்கி வேறு மாட்டலாம். துருப்பிடிக்கிற இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் எங்கள் ஊரே கும்பிடும்.

விற்பனையாளர் மூன்று ஸ்விட்சை வெல்வெட் துணியில் பரப்பினார். சிவப்பு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு பாதி வழியில் லேசாக இடறும். நீலம் டக் டக்கென்று ஊரைக் கூட்டும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி 'ஃபீல்' பண்ணச் சொன்னார். அழுத்தினேன். மூன்றும் ஸ்விட்ச் மாதிரிதான் இருந்தன. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று, ரொம்ப யோசித்தவள் போல் சிவப்பைக் காட்டினேன். நாலு நீல ஸ்விட்சை சாம்பிளாகப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு சென்ட்டிமீட்டர்தாங்க மேடம் குறையுது, ஆனா லைஃபே மாறிடும்."

மொட்டைக் கட்டை

குள்ள ஸ்விட்சுக்கு எல்லாத் தொப்பியும் பொருந்தாதாம். தொப்பி என்றால் எழுத்து போட்ட மேல்மூடி, கீகேப். கடையில் இருந்தது இரண்டே ரகம்: ரோஸ் கலரில் பூனை மூஞ்சி போட்டது, கறுப்பில் ஒன்றுமே போடாதது. பூனையை வைத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் அடிக்க முடியுமா? மொட்டையை வாங்கினேன். எனக்குத்தான் பார்க்காமலே விரல் போகுமே.

படகுப் பதிவுக்கு விண்ணப்பம் அடிக்க அனுமந்தையிலிருந்து வந்த சூசை அண்ணன் அந்தக் கட்டைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் ஆதார் கார்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்: "எழுத்தே இல்லாத கட்டைல எம்பேரு எங்கேர்ந்துமா வரும்? நீ பாட்டுக்கு உம்பேரப் போட்டு எம்படக வாங்கிக்கினு போயிடாத."

அஞ்சலை அக்கா

உப்பளத்தில் மழைத் தண்ணீர் தேங்கிவிட்டால் அஞ்சலை அக்காவுக்கு வேலை கிடையாது. நிவாரணம் கேட்டு மனு போட வருவார். புது கீபோர்டில் அவருக்கு அடித்த முதல் மனுவுக்கு ஒரு மாதமாகியும் பதில் இல்லை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், ஆபீஸ்களுக்குள் சாதி வித்தியாசம் கிடையாது.

அக்கா திரும்ப வந்தார். மானிட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் என் தலை மட்டும்தான் தெரியும். அடிக்கிறேனா, போன் பார்க்கிறேனா என்று அவருக்குத் தெரியாது. ரோட்டுக்கு எதிரே மனு அடிக்கும் இன்னொரு கடை; அங்கேயோ பழைய கீபோர்டு, அடித்தால் பஸ்ஸுக்குள் கேட்கும். ஒரு வாரமாக என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். கை வலி பாதி குறைந்திருந்தது, கடை முக்கால்வாசி காலியாகியிருந்தது. அக்காவும் எழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசற்படியில் நின்று, கோபமில்லாமல்தான் கேட்டார்: "நீ அடிக்கிறது பக்கத்துல குந்தினு இருக்கிற எனக்கே கேக்கல. அந்த மனு ஆபீஸுல எவன் காதுலம்மா வுழும்?"

நாலு நீலம்

அன்று மத்தியானம் அந்த சாம்பிள் பையைத் தேடி எடுத்தேன். ஸ்பேஸ், என்டர், முற்றுப்புள்ளி, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் கட்டை, இந்த நாலிலும் சிவப்பைப் பிடுங்கிவிட்டு நீலத்தைக் குத்தினேன். தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வரி நகருமா? டக் டக்கென்று சத்தம் வாசலைத் தாண்டியது. உயரம் அதே உயரம், மணிக்கட்டு வாயே திறக்கவில்லை.

எதிர்க்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்த அஞ்சலை அக்கா திரும்பிப் பார்த்தார். ரோட்டைத் தாண்டி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டினார். பேப்பரை வாங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இப்பதான் ஸ்டெல்லா, நீ எனக்காகக் கேட்ட மாதிரி இருக்குது. இதுக்கு பதில் வராமப் போயிடுமா இன்னா?"

பதில் இன்னும் வரவில்லைதான், ஆனால் இந்த முறை அக்கா குறை சொல்வது என் கீபோர்டை அல்ல, ஆபீஸை என்பதால், அந்த விற்பனையாளர் சொன்னபடி என் வாழ்க்கை ஒரு சென்ட்டிமீட்டர் மாறித்தான் இருக்கிறது.