வேலை நாளில் கிளம்பாத கார்

என் மருமகளுக்கு ஒரு பழக்கம். எது கெட்டுப்போனாலும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் நின்று பார்ப்பாள். குழாய் ஒழுகினாலும் சரி, ரைஸ் குக்கரில் விளக்கு எரியாவிட்டாலும் சரி, உடனே தொடமாட்டாள். நான் அப்படியில்லை. எனக்குக் கை முதலில் போய்விடும், புத்தி பிறகுதான் வரும். அந்தக் கை செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் நானும் அவளும்தான் இருக்கிறோம். மகன் காய்கறி லாரி ஓட்டுகிறான். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். மருமகளுக்குத் திரிங்காப் ஊரில் பூ கட்டும் கொட்டகையில் வேலை. ஆறரை மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அவள் தரம் பிரித்துக் கொடுத்தால்தான் பூப்பெட்டிகள் லாரியில் ஏறும். அந்த நேரத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. அதனால் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றுப் போன கிராணியின் பழைய காரை அவளே பேசி வாங்கினாள்.

பழைய கார் என்றால் நிஜமாகவே பழையது. இப்போது வருகிற கார்களில் இல்லாத கார்புரேட்டர் அதில் இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம் அது. அதன் வாயில் ஒரு சின்னத் தகடு உண்டு, அதுதான் சோக். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தகடு மூடிக்கொள்ளும். காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடு ஏறியதும் தகடு மெல்லத் திறந்துகொள்ளும். சில வண்டிகளில் இதைக் கையால் இழுத்துவிட வேண்டுமாம். இந்தக் காரில் தானாகவே நடக்கும். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு மூடி, அதற்குள் ஒரு சுருள் கம்பி. அந்தக் கம்பிதான் குளிரையும் சூட்டையும் பார்த்துத் தகட்டை மூடித் திறக்கும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு வாரம் கார் காலையில் தகராறு செய்தது. பிரிஞ்சாங் டவுனில் உள்ள ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். சந்தைக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் பின்சீட்டில் இருந்தேன். மெக்கானிக் தகட்டைச் சுத்தம் பண்ணினார். பிறகு அந்தக் கறுப்பு மூடியைத் தட்டிக் காட்டி, "குளிரு பாத்து வேல செய்றது இதுதான்மா. உங்க தோட்டத்துல குளிரு ஜாஸ்தி லா, இதுக்குத்தான் தொல்ல," என்றார்.

அது என் மனதில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் குளிருக்கு எல்லாருக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான். இட்லி மாவு இங்கே தானாகப் புளிக்காது. பானையைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பையை வைத்தால்தான் பொங்கும். முட்டி வலிக்கும் எனக்கு அதே பைதான். அந்தப் பாவப்பட்ட மூடிக்கும் கொஞ்சம் சூடு காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடியுமுன்னே, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், பானட்டைத் திறந்து மூடிமேல் வெந்நீர்ப் பையை அணைத்து வைத்தேன். அவள் தலை துவட்டும் சத்தம் கேட்டதும் எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. நான் காரில் கை வைத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம்.

அன்றைக்குக் கார் கிளம்பவில்லை. இருமும், நிற்கும், மறுபடி இருமும். இருபது நிமிஷம் போராடிய பிறகுதான் பிடித்தது. அடடா, குளிர் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று, அடுத்த நாள் தண்ணீரை இன்னும் சூடாக்கினேன். நேரமாகிறதே என்று அவள் அரை மணி முன்னதாக எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். நான் அவளுக்கும் முன்னதாக எழுந்தேன்.

மூன்று தடவை தாமதமாகப் போனாள். கொட்டகையின் முதலாளியான தௌக்கே, இன்னொரு நாள் இப்படி வந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மகன் போனில் அதைக் கேட்டதும், "ரிப்பேர் பண்ணியும் இந்த லட்சணமா? ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன வரச் சொல்றேன். காடிய தள்ளிவிட்டுட்டு நீ வீட்ல இரு," என்றான். கார் போனால் வேலையும் போகும்.  மருமகள் போனை வைத்துவிட்டு என்னிடம் மட்டும், "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு அத்தை," என்றாள்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் லாரி டிரைவர். காலையில் கார் இருமத் தொடங்கியதும் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"என்னா புள்ள, இன்னிக்கும் மெடிக்கல் லீவா உன் காடி?"

"சும்மா இருங்க மாமா. நேத்து ஞாயித்துக்கெழம ஒரே சாவியில பிடிச்சிச்சு, தெரியுமா?"

"அப்ப அதுக்கு வேலைக்குப் போகத்தான் மனசில்ல. கங்காணி வீட்டு ஜாதகம் அதுக்கு, மத்தவங்கள வேல வாங்கும், தான் செய்யாது. பெட்ரோல மாத்திப் பாரு, நான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது, திங்கட்கிழமை கிளம்பவில்லை என்பதையே பிடித்துக்கொண்டாள். அன்று சாயந்தரம் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். என்ன கிழமை, மழையா பனியா, எத்தனை தடவை சாவி திருப்பினாள், எத்தனை நிமிஷத்தில் பிடித்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதினாள். வேலை முடிந்து வந்த களைப்பிலும் எழுதுவாள். மெக்கானிக்கிடம் மறுபடி ஒரு நடை போனாள். அங்கே போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருக்கும், ஒரே சாவியில் பிடித்துக்கொள்ளும். "நல்லாத்தானே இருக்கு," என்று அவர் அனுப்பிவிட்டார். அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் இல்லாத நேரத்தில் நான் அந்த நோட்டைப் படித்தேன். அழகான கையெழுத்து. யாரையும் திட்டவில்லை, தலைவிதி என்று புலம்பவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை நான் பை வைப்பதில்லை. அன்றைக்கு வேலை இல்லை என்பதால் வைப்பதில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் சூடு எப்படிக் கெடுதல் செய்யும்? என் புத்திக்கு எட்டவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை விடியலிலும் வழக்கம்போலப் பையை வைத்தேன், எடுத்தேன்.

அன்றைக்கு அவள் நேராகச் சாவியைத் திருப்பவில்லை. பானட்டைத் திறந்து, கார்புரேட்டர் மேலிருந்த காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் தகட்டைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அத்தை, இங்க வாங்க. தகடு திறந்திருக்கு. இந்தக் குளிருல மூடியிருக்கணும்."

பிறகுதான் ஒரு விரலை நீட்டி எஞ்சினைத் தொட்டாள். அடுத்து அந்தக் கறுப்பு மூடியைத் தொட்டாள். விரலை எடுத்தாள், மறுபடி தொட்டாள்.

"எஞ்சின் ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. இது மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. தொட்டுப் பாருங்க."

நான் தொடவில்லை. ஸ்வெட்டருக்குள் ஒளித்திருந்த வெந்நீர்ப் பையை எடுத்து அவளிடம் நீட்டினேன். 

பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளா அத்தை?"

"ஒர்க்ஷாப்புலேர்ந்து வந்த மறுநாள்லேர்ந்து."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல."

"ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல," என்று அவளும் சொன்னாள். அப்புறம் காரின்மேல் சாய்ந்துகொண்டு, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானோ அவள் வேலை போகப்போகிறதே என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் சட்டென்று நேரம் பார்த்தாள்.

"ஒரு துணிய பச்சத் தண்ணில நனைச்சுக் கொண்டாங்க. சீக்கிரம்."

எங்கள் குழாய்த் தண்ணீர் அந்த நேரத்தில் கையைக் கடிக்கும். துணியைப் பிழிந்து கொண்டுவந்தேன். காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல அந்த மூடியைச் சுற்றிப் போட்டாள். அது ஆறும் வரைக்கும் எனக்குச் சொன்னாள்: "மாவுக்குச் சூடு வேணும் அத்தை. இதுக்கு வேண்டியது சூடு இல்ல, நெசம். நீங்க சூடு காட்டினதும் எஞ்சினே சூடாயிடுச்சுன்னு நம்பி இது தகட்டத் திறந்து விட்டுடுச்சு. உள்ள எஞ்சின் வெறைச்சுப் போய்க் கெடக்குது. எப்படிப் பிடிக்கும்? இருபது நிமிஷம் ஆனா மூடி ஆறிடும், அப்ப பிடிக்கும். நான் என்னமோ போராடிக் கிளப்பினதா நெனச்சுக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

"நீங்க உள்ள ஏறுங்க. ஆக்ஸிலேட்டர ஒரே ஒரு தடவ அமுத்தி விடுங்க, அப்பத்தான் தகடு மூடும்."

அதுவரைக்கும் நான் ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. காலால் தேடி அமுக்கினேன். முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

"மூடிடுச்சு! மூடிடுச்சு அத்தை!"

வடிகட்டியின் மூடியைத் திருகினாள், என்னை இறக்கினாள், சாவியைத் திருப்பினாள். ஒரே தடவை. அன்றைக்கு ஆறு இருபத்தைந்துக்குக் கொட்டகையில் இருந்தாள். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் ஒரே சாவிதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். இரும்புக்காரன் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். காப்பி குடித்துக்கொண்டே, "சரியாயிடுச்சுன்னா, என்னா காரணம்?" என்று கேட்டான்.

"சோக்குல சூடு பட்டுடுச்சு. இனிமே படாது," என்றாள் மருமகள்.

"எங்கேர்ந்து பட்டுச்சு?"

"பட்டுடுச்சு. விடுங்க."

"காரணம் சொல்லத் தெரியலன்னா அது சரியாகல. நானும் வண்டி ஓட்றவன்தான். தானா சரியானது தானா கெட்டுப்போவும். அடுத்த வாரம் மறுபடி நிக்கும், தௌக்கே உன்ன அனுப்பிடுவான்."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "நான் சொன்ன மாதிரி பெட்ரோல மாத்திட்டா போல, அதான்பா," என்றார். அவள் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.  மகன் போனை எடுத்து, இரும்புக்காரன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்க எண்ணை அமுக்கத் தொடங்கினான்.

நான் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஆம்பளைகள் பேசுகிற இடத்துக்கு நான் வந்து பழக்கமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கக் காரையே விடத் துணிந்துவிட்டாள்.

ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

"நான்தான்பா கெடுத்தேன். தெனமும் விடியறதுக்கு முன்ன அந்த மூடிக்கு வெந்நீர்ப் பை வச்சேன். இவதான் கண்டுபிடிச்சா. மெக்கானிக்காலயும் முடியல, பெட்ரோலும் மாத்தல."

என் வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. "யக்கா! காடிக்கு ஒத்தடமா குடுத்தீங்க?"

மகன் என்னைப் பார்த்து, "ஏம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். நானும் அவன் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தேன். புதன்கிழமைக்கு நேரே என்ன எழுதியிருப்பாளோ என்று தேடினேன். இப்படித்தான் எழுதியிருந்தாள்: 'மூடி சூடு. குளிர வைத்தேன். முதல் தடவையே பிடித்தது.' என்னைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

மகன் நோட்டை மூடி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"பாஸ், வர வேணாம் லா. காடி ஓடுது," என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது.

மருமகள் அதற்குள் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள்.